ஏஐ 62% என்று வந்துவிட்டது, பதிவு ரத்தாகுமா?

கேள்வி (முனைவர் பட்ட மாணவி): மேடம், இரண்டாம் இயலை நானேதான் எழுதினேன். ஆனால் மென்பொருள் 62% ஏஐ என்கிறது, நெறியாளர் திருப்பி அனுப்பிவிட்டார். யூஜிசி விதிப்படி 60%க்கு மேல் போனால் பதிவே ரத்தாமே?

பதில்: பதறாதீர்கள். இரண்டு வேறு எண்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறை பேசுவது ஒப்புமையை, அதாவது உங்கள் எழுத்து ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை. 10% வரை தண்டனை கிடையாது. 40% வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60% வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்தித் தரவே முடியாது. அதற்கும் மேலே போனால்தான் ரத்து. அந்த விதி வந்தபோது சாட்ஜிபிடியே பிறக்கவில்லை.

உங்களுக்கு வந்த 62% வெறும் ஊகம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஏஐ எழுத்தைக் கண்டறியும் கருவி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் விலக்கிக்கொண்டது. பெற்றவளுக்கே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை! அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 டோஃபெல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61% கட்டுரைகள் மேல் ஏஐ முத்திரை விழுந்தது. எளிய சொற்களிலும் ஒரே வார்ப்பிலும் எழுதினால் கருவிக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நம்மில் பலர் பள்ளியில் கற்ற ஆங்கிலமே அப்படித்தான்.

நெறியாளரிடம் வாதாடாதீர்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாற்றைத் திறந்து காட்டுங்கள். அடிக்கோடு போட்ட ஜெராக்ஸ், கைக்குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

கேள்வி (கல்லூரி ஆசிரியர்): அப்படியென்றால் அசைன்மென்டில் ஏமாற்றுபவர்களை எப்படித்தான் பிடிப்பது?

பதில்: துணைநூற்பட்டியலில் இருந்து தொடங்குங்கள் சார். ஏஐ இட்டுக்கட்டிய பட்டியலில் ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், இதழும் உண்மையாக இருக்கும், தொகுதி எண், பக்க எண் கூடப் பொருத்தமாகத் தெரியும். அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேறு யாருடைய கட்டுரையோ இருக்கும். டிஓஐ எண்ணை (கட்டுரைக்குத் தரப்படும் தனி இணைய அடையாளம்) தட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் மாணவரைக் கூப்பிட்டு, எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். நானாக இருந்தால் மதிப்பெண்ணில் பாதியை அந்தப் பேச்சுக்கே வைப்பேன்.

கேள்வி: இலக்கணம் திருத்த மட்டும் ஏஐயைப் பயன்படுத்தலாமா?

பதில்: நெறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எந்தக் கருவி, எதற்கு என்று ஆய்வேட்டிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி (எம்.ஏ. மாணவர்): அக்கா, ஏஐ சாயலே தெரியாமல் மாற்றித் தருகிற ஆப் இருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சொல்லை மாற்றிப் போடும் கருவிகள் பழைய கதைதான். ஏற்கெனவே வெளியான ஆய்வுக் கட்டுரைகளை 2021இல் அலசியவர்கள், ‘ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்’ (போலி உணர்வு) என்று அச்சாகியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதற்கு விளக்கம் கேட்டால் என்ன சொல்வாய்?