ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஓவியம், சிற்பம், வடிவமைப்பு படிக்க விரும்புகிறவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் வண்ணக்கலை, அதாவது வண்ணம் தீட்டும் ஓவியத் துறை, படித்தவன், பிறகு கற்பித்தவன். கட்டணம், கடைசித் தேதி போன்றவை ஆண்டுதோறும் மாறும் என்பதால் அவற்றைக் கல்லூரி அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. எங்கள் பள்ளியில் ஓவிய வகுப்பே கிடையாது. நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது? (மாணவி, விருதுநகர்)

முதலில், செல்பேசியில் நடிகர் படத்தை வைத்துக்கொண்டு கட்டம் போட்டு வரைவதை நிறுத்துங்கள். அச்சு அசலாக வரும், வீட்டில் பாராட்டுவார்கள், தேர்வுக்கு உதவாது. கன அளவுள்ள ஒன்றைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவருவதுதான் சிரமமான வேலை. புகைப்படத்தில் அந்த வேலையைக் கேமரா உங்களுக்காகச் செய்து முடித்துவிட்டது.

வீட்டிலுள்ள பித்தளைக் குடத்தை ஜன்னலோரம் வைத்து வரையுங்கள். வாய் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். இன்னும் கீழே இருக்கும் அடிப்பாகத்தின் வளைவு அதைவிட அகலமானது. புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் அடியை நேர்க்கோடாக இழுத்துவிடுவார்கள். குடம் தரையில் உட்காராது. விடைத்தாள் திருத்துபவருக்கு இது பார்த்த உடனே தெரியும். அடுத்து மனிதர்கள். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று வரையுங்கள். முகத்தை விடுங்கள், உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். உயிரியல் படித்தது வீணில்லை, எலும்பும் தசையும் இங்கேயும் வரும்.

மகனுக்கு ஆசை இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை கிடைக்குமா? (ஒரு தாய், ஈரோடு)

ஓவியங்களை விற்று மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு அம்மா. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பள்ளி ஓவிய ஆசிரியர் பணியிடங்களும் அடிக்கடி வருவதில்லை. ஆனால் இந்தக் கல்லூரிகளில் ஓவியமும் சிற்பமும் மட்டும் இல்லை. காட்சிவழித் தகவல் வடிவமைப்பு படித்தவர்கள் விளம்பரம், பதிப்பகம், அனிமேஷன், விளையாட்டுச் செயலிகள் என்று போகிறார்கள். துகில் வடிவமைப்பை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் கரூரிலும் நெய்து ஏற்றுமதியாகும் போர்வைக்கும் திரைச்சீலைக்கும் யாரோ ஒருவர் மாதிரி போட்டுத்தானே தர வேண்டும்? சென்னைக் கல்லூரியில் படித்த ஓவியர் டிராட்ஸ்கி மருது பத்திரிகைச் சித்திரம், திரைப்படம், அனிமேஷன் என்று எல்லாவற்றிலும் வேலை செய்தவர். மகன் எதில் சேர்ந்தாலும் இரண்டாவது கைத்தொழில் ஒன்றையும் பழகிக்கொள்ளட்டும்.

சென்னையா, கும்பகோணமா? (மாணவர், பெரம்பலூர்)

இரண்டும் அரசு கவின்கலைக் கல்லூரிகள், நான்காண்டு பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) படிப்பு. சென்னைக் கல்லூரியை 1850இல் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹண்டர் ஒரு மருத்துவர். கைவினைஞர்களுக்குத் தொழில் கற்பிப்பதுதான் அப்போதைய நோக்கம். சுடுமண் கலையும் துணி வடிவமைப்பும் இன்றும் ஓவியத்துக்குப் பக்கத்து அறையில் இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். 1966இல் அவரும் மாணவர்களும் சேர்ந்து சோழமண்டல் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். இந்தப் பெயர்களைக் கல்லூரியில் தினமும் கேட்பீர்கள். சில நாள் அலுப்பாகக்கூட இருக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் பக்கத்தில் இருப்பதுதான் என் கணக்கில் பெரிய லாபம். அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களையும் சோழர் செப்புத் திருமேனிகளையும் நேரில் வைத்து வரையலாம்.

கும்பகோணத்தில் காட்சிக்கூடங்கள் குறைவு. ஆனால் தாராசுரம் கோயில் பக்கத்தில் இருக்கிறது. தூண்களில் உள்ளங்கை அளவுக்குச் செதுக்கியிருக்கும் சிற்பங்களை ஒரு பருவம் முழுக்க வரைந்தாலும் தீராது. சுவாமிமலையில் மெழுகு உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றுகிற பட்டறைகள் இருக்கின்றன. பெரம்பலூரிலிருந்து வரும் உங்களுக்கு நான் கும்பகோணத்தைத்தான் சொல்வேன். செலவும் குறைவு, கவனம் சிதறுவதும் குறைவு.

கல்லில் சிலை செய்ய ஆசை. அதற்கு மாமல்லபுரம்தானே? (மாணவர், திருவண்ணாமலை)

கோயில் சிற்பம் என்றால் ஆம். 1957இல் அங்கே தொடங்கிய அரசு கட்டட, சிற்பக் கலைக் கல்லூரியில் சிற்ப சாஸ்திர அளவுகளிலிருந்து பாடம் தொடங்கும். உத்தம தச தாளம் என்ற அளவு முறையில் உருவத்தின் உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலில் உள்ளது அல்ல. சிலையின் உயரத்தைப் பகுத்துக் கிடைக்கும் அலகு. அதனால் சிலை சாண் அளவானாலும் ஆள் உயரமானாலும் விகிதம் மாறாது. சென்னைக் கல்லூரியில் எதிரே ஒருவரை உட்காரவைத்து, கம்பிக்கூடு கட்டிக் களிமண் அப்புவதில் தொடங்கி, அச்செடுத்து, உங்களுக்கென ஒரு வடிவத்தைத் தேடுவீர்கள். இரு தரப்பிலும் மற்றவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பெண்கள் சிற்பம் எடுத்தால் கஷ்டம் என்கிறார்களே? (மாணவி, சேலம்)

கனமான கல்லை எந்த ஆணும் தனியாகத் தூக்குவதில்லை. எடுங்கள்.

பதிப்போவியம் என்று ஒரு துறை இருக்கிறதாம். அதில் என்ன செய்வார்கள்? (மாணவர், தூத்துக்குடி)

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். துத்தநாகத் தகட்டின் மேல் அமிலம் தின்னாத மெழுகுப் பூச்சு ஒன்றைத் தடவி, ஊசியால் கீறி வரைவோம். கீறிய இடத்தில் மட்டும் உலோகம் தெரியும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் தகட்டை அமிழ்த்தினால் அந்தக் கோடுகளை மட்டும் அது அரிக்கும். குறைந்த நேரம் வைத்தால் கோடு மெலிது; கூடுதலாக வைத்தால் பள்ளம் ஆழமாகி, மை நிறையத் தங்கி, கோடு கறுக்கும். அதாவது பென்சிலை அழுத்திப் பெறும் கருமையை இங்கே கடிகாரத்தைப் பார்த்துப் பெற வேண்டும். பிறகு பூச்சை நீக்கி, மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தப் பொறிக்குள் அனுப்புவோம். தாளைத் தூக்கும்போது படம் இடவலம் மாறியிருக்கும். தகட்டில் எழுத்து இருந்தால் அதைத் திருப்பி எழுதியிருக்க வேண்டும். முதலாண்டில் இதை மறக்காதவர் அரிது. ஓரத்தில் 3/10 என்று பென்சிலால் எழுதியிருப்பதைக் கண்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பத்துப் படிகளில் அது மூன்றாவது.

வண்ணக்கலையை வீட்டுத் திண்ணையிலும் பழகலாம். அமிலத் தொட்டியும் பொறியும் காற்றோட்டமான அறையும் கல்லூரியில்தான் கிடைக்கும். அப்படியிருந்தும் மதிப்பெண் அதிகம் வாங்கியவர்கள் இந்தத் துறையை ஏன் இரண்டாம் விருப்பமாகப் போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செயற்கை நுண்ணறிவே படம் போட்டுவிடுகிறது. இனி வரைகலை படிப்பானேன்? (மாணவர், கோவை)

சாதாரண அலங்காரப் படங்களுக்கான வேலை குறையும், அதை நம்புகிறேன். ஆனால் வந்து நிற்கும் பத்துப் படங்களில் எது தேறும், ஏன் தேறும் என்று சொல்லப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். இன்னொன்று: தமிழ் எழுத்துருவில் வேலை மலைபோல் கிடக்கிறது. சுழிகளும் வளைவுகளும் நிறைந்த நம் எழுத்துகளைத் தடித்த வடிவில் அமைக்கும்போது ‘இ’யின் உள்வெளி அடைத்துப்போகிறது, ‘ஞ’ பக்கத்து எழுத்தைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. கடைப் பலகைகளை நின்று பாருங்கள். இதை ஒழுங்காகத் தீர்க்கத் தெரிந்தவர்கள் சிலரே.

வயது 34, வங்கி வேலை. சேரலாமா? (சென்னை)

முழுநேரப் படிப்புக்காக வேலையை விடச் சொல்ல மாட்டேன். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. கண்காட்சிகளுக்குப் போங்கள், அங்கே வரும் ஓவியர்களோடு பேசுங்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது பட்டத்தைவிட, வாரம் தவறாமல் சேர்ந்து வரையும் நாலு பேர்.

பொருள்களுக்கு எவ்வளவு செலவாகும்? அப்பா தறி ஓட்டுகிறார். (மாணவர், குமாரபாளையம்)

முதலாண்டை கார்ட்ரிட்ஜ் தாள் (தடித்த வரைதாள்), கரி, 2பி முதல் 6பி வரை பென்சில், போஸ்டர் வண்ணம் ஆகியவற்றோடு ஓட்டிவிடலாம். பெரிய வண்ணப்பெட்டி வாங்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, ஒரு பழுப்பு போதும், கலக்கக் கற்றுக்கொள்வீர்கள். எண்ணெய் வண்ணத்துக்கு வந்ததும் ஆயத்த கேன்வாஸை விட்டுவிட்டு, காடாத்துணியை நீங்களே சட்டத்தில் இழுத்து அடித்துப் பூச்சு கொடுங்கள். பூச்சு இல்லாமல் தீட்டினால் எண்ணெய் நூலை அரித்துவிடும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நல்ல துணி எது என்று கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை. தூரிகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தட்டைப் பன்றிமயிர்த் தூரிகை இரண்டு நல்லதாக வாங்கி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, மயிர் மேலே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள்.