டிஃப்ராக் செய்ய எதற்குக் காசு?

கேள்வி: எட்டு வருடப் பழைய டெஸ்க்டாப், ஹார்ட் டிஸ்க் உள்ளது. ஃபைல் திறக்கவே நேரமாகிறது. டிஃப்ராக் செய்ய கடையில் 800 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டிஃப்ராக் என்றால் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளைச் சேர்த்து வைப்பது. விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் defrag என்று தேடினால் வந்துவிடும்.

விண்டோஸ் டிஸ்க்கைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கட்டம் பெரும்பாலும் 4 கேபி. ஒரு ஃபைலை அழித்தால் அதன் கட்டங்கள் காலியாகும். அடுத்து வரும் பெரிய ஃபைலுக்கு அந்த இடம் போதாவிட்டால், மீதி வேறெங்காவது போய் உட்காரும். பந்தியில் சேர்ந்தாற்போல் இலை கிடைக்காத குடும்பம் ஆளுக்கொரு வரிசையில் உட்காருகிறதே, அப்படி. டிஸ்க் நிரம்ப நிரம்ப இது கூடும். ஒவ்வொரு துண்டுக்கும் ஹெட், அதாவது டிஸ்க்கைப் படிக்கும் முனை, நகர வேண்டும். அப்புறம் அந்த இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க்குக்கே ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஒரு ஃபைல் ஆயிரம் துண்டாகக் கிடந்தால் ஹெட் நகர்வதிலும் காத்திருப்பிலுமே சுமார் பத்து செகண்ட் போய்விடும். டிஃப்ராக் அந்தத் துண்டுகளை அடுத்தடுத்துக் கொண்டுவந்து வைக்கிறது. அவ்வளவுதான் வேலை.

விஸ்டா என்ற பதிப்பு வந்த நாளிலிருந்து விண்டோஸ் இதை வாரம் ஒருமுறை தானாகவே செய்கிறது. அது தெரியாமல் 2009இல் 1,200 ரூபாய் கொடுத்து, கணினியை வேகப்படுத்தும் சிடி ஒன்று வாங்கினேன். ஏற்கெனவே என்னிடம் இருந்ததையே வண்ணம் பூசிக் காட்டியது. வாங்குகிறவருக்குத் தெரியாது என்ற ஒன்றையே நம்பி ஒரு பொருளை விற்பதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை: டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் வந்தால் டிஃப்ராக் பக்கமே போகாதீர்கள். முதலில் பேக்கப்.

கேள்வி: புது லேப்டாப், எஸ்எஸ்டி. தினமும் டிஃப்ராக் செய்ய ஒரு சாஃப்ட்வேர் வாங்கினேன். போதுமா?

பதில்: உடனே நிறுத்துங்கள். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது, அதில் நகர ஹெட்டே கிடையாது. வீணாகத் திரும்பத் திரும்ப எழுதி அதன் ஆயுளைத்தான் குறைக்கிறீர்கள். என்ன டிஸ்க் என்று பார்க்காமலே காசு கொடுத்தால் எப்படி?

கேள்வி: 'உங்கள் டிஸ்க் துண்டு துண்டாகிவிட்டது' என்று அப்பாவுக்கு போன். கணினியை அவர்கள் கட்டுப்பாட்டில் எடுத்து, 4,999 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

பதில்: அப்பாவைத் திட்டாதீர்கள். பயமுறுத்திப் பறித்திருக்கிறார்கள், தப்பு அவர்மேல் இல்லை. இப்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். கணினியின் இன்டர்நெட்டைத் துண்டித்து, அவர்கள் போடச் சொன்ன ஆப்பை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள்.