பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஏன் அப்போதே சொல்வதில்லை?

வாச்சாத்திப் பெண்கள் அப்போதே சொன்னார்கள். சொன்னபோது என்ன நடந்தது என்பதிலிருந்தே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் அரூர் பகுதியில் உள்ள அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள், கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டனர். அதன்பின் அவர்களையே கடத்தல்காரர்கள் என்று வழக்குப் போட்டுச் சேலம் சிறையில் அடைத்தார்கள்.

அடுத்த மாதமே மலைவாழ் மக்கள் சங்கத்தினர் வழியாகச் செய்தி வெளியே வந்தது. அரசு அதை மறுத்தது. உயர் நீதிமன்றத்தில் முதலில் விசாரித்த தனி நீதிபதி, பொறுப்புள்ள அதிகாரிகள் இவ்வாறு நடந்திருப்பார்கள் என்று நம்ப இயலவில்லை என்ற நோக்கில் மனுவையே தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டுக்குப் பிறகே, 1995இல், வழக்கு சிபிஐயிடம் போனது.

அரூருக்கு அதிகத் தொலைவில்லாத ஊரில் வளர்ந்தவன் நான். "கட்டை கடத்தினவங்க, கேஸிலிருந்து தப்பிக்கக் கதை கட்டுறாங்க" என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் பேசியது இன்றும் காதில் இருக்கிறது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். நல்லது கெட்டதற்கு முதலில் ஓடி நிற்கிறவர்கள்தாம். நடந்ததை மறுப்பதற்கு அவர்கள் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை; சொல்பவள் யார் என்பதை மாற்றிவிட்டாலே போதுமானதாக இருந்தது. அவள் கடத்தல்காரி ஆகிவிட்டால், அவள் உடம்பில் நேர்ந்தது அவளுடைய வழக்குத் தந்திரமாகிவிடுகிறது. நகரத்துப் பெண்ணிடம் "அந்த நேரத்தில் அங்கே உனக்கென்ன வேலை" என்று கேட்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை இறந்துபோயிருந்த 54 பேர் நீங்கலாக மற்ற அனைவரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் மீதான வன்புணர்வுக் குற்றமும் உறுதியானது. இடைப்பட்ட 19 ஆண்டுகள், தம் வாழ்வின் மிகக் கொடிய நாளை விசாரணை அதிகாரி, வழக்கறிஞர், நீதிபதி என்று முன்பின் அறியாதவர்களிடம் அந்தப் பெண்கள் திரும்பத் திரும்ப விவரிக்க வேண்டியிருந்தது. ஒரு விவரம் பிசகினாலும் மொத்தமும் பொய்யாகிவிடும் என்ற அச்சத்தோடு ஒன்றை நினைவில் வைத்திருப்பது, அதை மறக்கவே விடாமல் செய்யும் தண்டனை. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார்.

எங்கள் திண்ணைப் பேச்சை உள்ளே வேலை செய்தபடி கேட்டுக்கொண்டிருந்த அக்காமார்கள், சித்திமார்கள் இருந்தார்கள். அவர்களில் யாருக்காவது ஏதேனும் நேர்ந்திருந்தால், யாரிடம் சொல்லக் கூடாது என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.