ரோனாவை மூழ்கடித்த பிரிவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அட்லாண்டிக் போர் பற்றிய கட்டுரையில், பிரான்சின் போர்தோவிலிருந்து பறந்து பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்த கேஜி 40 என்ற ஜெர்மன் குண்டுவீச்சுப் பிரிவைக் குறிப்பிட்டிருந்தீர்கள். பயணிகள் விமானத்தை மாற்றியமைத்து இவ்வளவு சேதம் விளைவிக்க முடிந்தது எப்படி? என் தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்கு போய்வந்தவர். அதன் சோடிக் கப்பலான ரோனாவையும் இதே காண்டோர் விமானங்கள்தான் அழித்தனவா?

எஸ்., நாகப்பட்டினம்

அன்புள்ள எஸ்.,

ரோனாவை அழித்தது கேஜி 40தான். ஆனால் காண்டோர் அல்ல. அதற்கு முன், என் கட்டுரையில் நான் மிகைப்படுத்திவிட்ட ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். அந்தப் பிரிவை நான் ஒரு பெரும்படை போலச் சித்திரித்திருந்தேன். உண்மையில் 1940-41இல் ஒரு நாளில் பறக்கும் நிலையில் இருந்த காண்டோர்களைப் பெரும்பாலும் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

குர்ட் டாங்கின் வடிவமைப்பில் லுஃப்தான்சா என்ற ஜெர்மன் விமான நிறுவனத்துக்காக உருவான ஃபோக்கெ-வுல்ஃப் 200தான் காண்டோர். அது 1938இல் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்கு இடைநிற்காமல் பறந்து பெயர் வாங்கிய விமானம். போர் மூண்டபின், நெடுந்தூரம் கடல்மேல் பறக்க ஜெர்மனியிடம் வேறு விமானம் ஆயத்தமாக இல்லாததால், எட்கர் பீட்டர்சன் இதைக் கொண்டே கேஜி 40ஐத் தொடங்கினார். பயணிகளைச் சுமந்து மெதுவாக ஏறி இறங்குவதற்காகக் கட்டிய உடலில் குண்டுகளையும் துப்பாக்கிகளையும் கூடுதல் எரிபொருளையும் ஏற்றியதன் விளைவு, பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கடல்மேல் சுற்றிவிட்டு, எதிரி எவனும் தொடாமல் திரும்பிய விமானம் ஓடுதளத்தில் இறங்கிய அதிர்ச்சியிலேயே இறக்கைக்குப் பின்னால் முதுகு ஒடிந்து கிடந்ததுண்டு.

அப்படிப்பட்ட விமானம் வென்றதற்குக் காரணம் எதிரில் நின்ற கப்பல்களின் நிராதரவு. தொடக்கத்தில் சரக்குக் கப்பல்களில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் மிகக் குறைவு. காண்டோர் கப்பலின் நீளவாக்கில், பாய்மர உயரத்துக்குத் தாழ்ந்து வந்து குண்டுகளைப் போட்டுவிட்டுப் போகும். அந்த உயரத்தில் குறி தவறுவதுதான் கடினம். 1940 அக்டோபர் 26 அன்று அயர்லாந்துக்கு வடமேற்கே பெர்ன்ஹார்ட் யோப்பெ ஓட்டிய காண்டோர், 42,000 டன் கொள்ளளவுள்ள எம்ப்ரஸ் ஆஃப் பிரிட்டன் கப்பலைத் தீக்கிரையாக்கியது. இழுத்துச் செல்லப்பட்ட அதை இரண்டு நாள் கழித்து யூ-32 நீர்மூழ்கி முடித்துவைத்தது. 1941 பிப்ரவரியில் ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பிய எச்ஜி 53 கப்பல் தொகுதியை யூ-37 கண்டு தகவல் அனுப்ப, போர்தோவிலிருந்து வந்த காண்டோர்கள் ஒரே நாளில் ஐந்து கப்பல்களை மூழ்கடித்தன. விமானம் கண்டு சொல்ல நீர்மூழ்கி வேட்டையாட வேண்டும் என்பதே ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தளபதி டோனிட்ஸ் போட்ட கணக்கு. இங்கே அது தலைகீழாக நடந்தது. கடல்மேல் வழிக்கணிப்பில் பிழை மலிந்திருந்ததால், விமானிகள் சொன்ன இடத்துக்கு நீர்மூழ்கி போய்ப் பார்த்தால் வெறும் அலைகளே இருந்த நாள்கள் பல.

அந்தக் காலமும் நீடிக்கவில்லை. சரக்குக் கப்பல்களுக்குத் துப்பாக்கி வந்தது. 1941 ஆகஸ்ட் 3 அன்று மேப்ளின் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து கவண்கல் போல ஏவப்பட்ட ஹரிக்கேன் போர் விமானம் ஒரு காண்டோரை வீழ்த்தியது. அப்படி ஏவப்பட்டவர் திரும்பி இறங்கக் கப்பலில் இடம் கிடையாது. கடலில் விழுந்து, யாராவது தூக்கும்வரை மிதக்க வேண்டியதுதான். ஒரு காண்டோருக்கு ஒரு ஹரிக்கேன் என்ற அந்த வணிகத்தைப் பிரிட்டன் இலாபமாகவே கருதியது.

இனி ரோனா. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் சென்னை–நாகப்பட்டினம்–சிங்கப்பூர் தடத்துக்காகவே 1926இல் ரோனாவையும் ரஜூலாவையும் கட்டியது. போரில் துருப்புக் கப்பலாக்கப்பட்ட ரோனா, 1943 நவம்பர் 26 மாலை அல்ஜீரியக் கரைக்கு அப்பால், சுமார் இரண்டாயிரம் அமெரிக்கச் சிப்பாய்களுடன் சென்றுகொண்டிருந்தது. அப்போது கேஜி 40இன் இரண்டாம் அணி ஹைன்கல் 177 விமானங்களுக்கு மாறியிருந்தது. அவற்றிலிருந்து ஏவப்பட்ட ஹென்ஷல் 293 ஒரு சறுக்குக் குண்டு: ராக்கெட் உந்தித் தள்ள, வாலில் எரியும் சுடரைப் பார்த்துக்கொண்டே, விமானத்திலிருப்பவர் சிறு கைப்பிடியை அசைத்து வானொலி வழியே அதை இலக்குக்கு ஓட்டுவார். ஒரு குண்டு ரோனாவின் இடப்பக்கத்தைத் துளைத்தது. இறந்த 1,100க்கும் மேற்பட்டோரில் 1,015 பேர் அமெரிக்கச் சிப்பாய்கள். எப்படி இறந்தார்கள் என்பது அவர்களுடைய குடும்பங்களுக்கே நெடுங்காலம் சொல்லப்படவில்லை. படகுகளை இறக்கியதில் கப்பல் ஊழியர்கள் தங்களையே காத்துக்கொண்டார்கள் என்று பிழைத்தவர் சிலர் பிற்பாடு குறைகூறினர். பெரும்பாலும் இந்தியர்களான அந்த 195 ஊழியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனதை அந்தக் குறைக்குப் பக்கத்தில் வைத்தே நான் படிக்கிறேன்.

ரஜூலா போரில் தப்பி, பழைய தடத்துக்குத் திரும்பி, 1973 வரை ஓடியது. உங்கள் தாத்தா போருக்கு முன் பயணம் செய்தவர் என்றால், போகும்போது ரஜூலாவும் வரும்போது ரோனாவுமாக இருந்திருக்கவும் கூடும். வீட்டுப் பெட்டியில் பழைய பயணச்சீட்டு ஏதும் கிடந்தால், கப்பலின் பெயரைப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்