திருப்பிய பிறகு யோசிக்கும் படம்

திருநெல்வேலியில் எம்.இ. முடித்து, பெங்களூரில் ராணுவத்துக்கான விமான சிமுலேட்டர் (விமானிகள் தரையிலேயே ஓட்டிப் பழகும் போலி விமானம்) செய்யும் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கும் தம்பி நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் போதுமா, வீடு எங்கே பார்ப்பது, கன்னடம் தெரியாமல் காலம் தள்ள முடியுமா, இதற்குப் பதில் கேம் நிறுவனத்துக்குப் போய்விடலாமா? முதல் இரண்டுக்கும் விடை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை வரைகூடக் கேட்பார்கள், பேசிக் குறையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடைசிக் கேள்விதான் என்னை 1994க்கு இழுத்துப் போய்விட்டது.

அந்த ஆண்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, மர்பி டவுனில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடி அறையில் தங்கினேன். கணினியில் அழகாகப் படம் வரையத் தெரிந்தால் போதும், இந்தத் தொழிலில் கொடி நாட்டிவிடலாம் என்று நம்பியிருந்தேன். உங்கள் கடிதத்திலும் அதே நம்பிக்கை தெரிகிறது. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கேமும் சிமுலேட்டரும் வேறு வேறு குடும்பமல்ல. நீங்கள் கணினி வரைகலைப் பாடத்தில் படித்த கூரோ, ஃபாங், கேட்மல் ஆகிய மூவரும் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர்கள். அங்கே ஆசிரியர்களாக இருந்த எவன்ஸும் சதர்லேண்டும் 1968இல் தொடங்கிய நிறுவனம் விமான சிமுலேட்டர்களுக்குப் படம் உருவாக்கும் கருவிகளைச் செய்து பெயர் பெற்றது. சிமுலேட்டர் அண்ணன், கேம் தம்பி. இப்போது தம்பி கொழிக்கிறான், அண்ணன் அவனிடம் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பிழைக்கிறான், அவ்வளவுதான்.

அழகு இங்கே இரண்டாம் பட்சம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சேர்ந்த இரண்டாம் ஆண்டில், நாங்கள் பெருமையோடு காட்டிய ஒரு காட்சியமைப்பைச் சோதிக்க வந்த விமானி இருபது நிமிடத்தில் வெளிறிய முகத்தோடு இறங்கிவந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "படம் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் நான் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைத் திருப்பினால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது" என்றார். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு, அதாவது ஒரு ஃபிரேமுக்கு, கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. விமானத்தின் இயக்கத்தைக் கணக்கிடும் கணினிக்கு ஒரு ஃபிரேம், எதைக் காட்டுவது என்று பொறுக்க ஒன்று, வரைய ஒன்று, திரைக்கு அனுப்ப ஒன்று என்று ஒவ்வொருவரும் தம் பங்குக்குச் சிறிது எடுத்துக்கொண்டிருந்தார்கள். எவர் பங்கும் தனியாகப் பார்த்தால் குற்றமில்லை. கூட்டினால்தான் வயிற்றைப் புரட்டியது. போதாக்குறைக்கு, இயக்கத்தைக் கணக்கிடும் கணினியும் படம் வரையும் கணினியும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடியதால் ஒன்றின் விடைக்காக இன்னொன்று சில நேரம் ஒரு முழு ஃபிரேம் காத்திருந்தது. விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் நிரலை ஒருவர் சேர்த்தார். திருப்பம் நின்ற பிறகும் படம் சற்றுத் தூரம் ஓடிப்போய்த் திரும்பிவந்தது, விமானிக்கு இன்னும் மோசமானது. கடைசியில் இரண்டு கடிகாரங்களையும் ஒரே துடிப்பில் கட்டிய பிறகுதான் சரியானது. ஆறு வாரம் அந்த வேலையைச் செய்தோம். திரையில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

எங்கள் தொழிலில் சிஸ்டம்ஸ் என்ஜினியர் என்ற பட்டத்துக்குப் பொருள் இதுதான்: இருவர் வேலை சந்திக்கும் இடத்தில் நிற்பவர். பின்னொரு சமயம், ஜி.பி.எஸ். கருவியால் அளந்த ஓடுபாதையை சிமுலேட்டரின் நிலப்பரப்பின்மேல் வைத்தபோது, அது 80 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் கிடந்தது. ஜி.பி.எஸ். பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான, சீரான ஓர் உருண்டையாகக் கொண்டு உயரம் சொல்கிறது. நிலத் தரவோ கடல்மட்டத்திலிருந்து சொல்கிறது. உலகிலேயே இந்த இரண்டும் மிக அதிகமாக விலகும் இடம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது, அதன் பாதிப்பு பெங்களூர் வரை நீள்கிறது. ஓடுபாதையை அளந்தவரும் நிலத்தைச் செய்தவரும் தத்தம் அளவில் சரியாகவே செய்திருந்தார்கள்.

எச்சரிக்கை என்று கேட்டால் இரண்டு சொல்வேன். ஒரு கருவியை மட்டும் கட்டிக்கொண்டு அழாதீர்கள். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர், படம் வரைவதற்கென்றே கணினி செய்த சிலிக்கான் கிராபிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இயந்திரக் கட்டளைகளைப் பாராயணம் செய்து பெரிய ஆளானார்கள். ஃபிரிட்ஜ் அளவு இருந்த அந்த இயந்திரங்களின் இடத்தை மேசைக் கணினியின் கார்டு பிடித்தது. அந்த நிறுவனமே 2006இல் திவால் பாதுகாப்புக் கோரி, 2009இல் கைமாறியது. 1998இல் பொக்ரான் அணுகுண்டு சோதனைக்குப் பின் அமெரிக்கத் தடை வந்து, எங்களுக்கு வர வேண்டிய ஒரு மின்னணு போர்டு வராமலே போனபோது, கணக்குத் தெரிந்தவர்கள் மாற்றுவழி கண்டார்கள். கட்டளை மட்டும் தெரிந்தவர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, செய்த வேலையை வெளியே காட்ட முடியாது. ஃபோன் வாசலிலேயே வாங்கி வைக்கப்படும். பத்து ஆண்டு உழைப்பு பயோடேட்டாவில் இரண்டு வரியாகச் சுருங்கிவிடும். என் அம்மா கடைசிவரை அக்கம்பக்கத்தில், "பிளேன் ஓட்டுறவங்களுக்குப் படம் காட்டுற வேலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஒன்றும் தவறான விளக்கமல்ல.

கன்னடத்துக்கு வருகிறேன். வெள்ளி இரவு மடிவாளாவில் ஊர் பஸ் பிடித்து, திங்கள் காலை திரும்பி, இருபது ஆண்டு கழித்தும் "கொத்தில்லா" (தெரியாது) என்ற ஒரே சொல்லோடு வாழும் நம்மவர்களை எனக்குத் தெரியும். அவர்களே ஊர் தங்களை ஒட்டவிடவில்லை என்று குறைப்படுவார்கள். நான் தொழிலில் கற்றதில் பாதி, கன்னடம் மட்டுமே பேசிய ஒரு டெக்னீஷியனிடம் கற்றது. அந்தக் காலத்து ப்ரொஜெக்டரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிப் படக்குழாய். இரவில் குளிர்ந்தால் மூன்றும் விலகிவிடும். அவர் காலை ஏழு மணிக்கே வந்து, ஏ.சி. குளிருக்கு மங்கி கேப் போட்டுக்கொண்டு, இருட்டில் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி, மூன்று நிறமும் ஒரே வெள்ளைக் கோடாகும் வரை அரைமணி நேரம் திருகிக்கொண்டிருப்பார். எந்தக் கையேட்டிலும் இல்லாத கோளாறெல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். முதல் வாரமே தேடிப் பிடித்து, "டீ குடியோணா?" (டீ குடிக்கலாமா?) என்று கேளுங்கள்.