ஐந்து லட்சம் மைல் ஓடும் எஞ்சின் உங்களுக்கு எதற்கு?

கேள்வி: நானும் மனைவியும் ஹூஸ்டன் அருகே வசிக்கிறோம். இந்த வருடம் ஓய்வு பெறுகிறேன். கோடையில் யெல்லோஸ்டோன், குளிர்காலத்தில் ஃபுளோரிடா என்று வருடத்துக்கு ஆறாயிரம் மைல் சுற்ற ஆசை. ஒரே விலையில், 95,000 டாலருக்கு, இரண்டு பழைய மோட்டார்ஹோம்கள், அதாவது வீடு போல உள்ளேயே தங்கிக்கொள்ளும் வண்டிகள், பார்த்திருக்கிறோம். ஒன்று 2018 மாடல், 34 அடி, ஃபோர்டு வி10 பெட்ரோல் எஞ்சின். மற்றது 2012 மாடல், 38 அடி, பின்பக்கம் கம்மின்ஸ் டீசல் எஞ்சின். "டீசல் ஐந்து லட்சம் மைல் ஓடும்" என்கிறார் டீலர். எதை வாங்கலாம்?

பதில்: பெட்ரோல் வண்டியை வாங்குங்கள்.

டீலர் சொன்னது பொய் இல்லை. நன்றாகப் பராமரித்தால் அந்த டீசல் எஞ்சின் அவ்வளவு தூரம் ஓடலாம். ஆனால் வருடம் ஆறாயிரம் மைல் என்றால் பதினைந்து வருடத்தில் நீங்கள் ஓட்டப்போவது 90,000 மைல். அதை வி10 எஞ்சினும் தாங்கும். அதற்குள் கூரை விளிம்பில் தண்ணீர் இறங்கி உள்ளே ஒட்டுப்பலகை உளுத்திருக்கும், வெளியே நீளும் அறையின் மோட்டார் இரண்டு தடவை மாற்றியிருப்பீர்கள். இந்த வண்டிகளில் எஞ்சினுக்கு முன்னால் வீடுதான் சாகும். அதனால் ஆறு வருடம் புதிய வீட்டை எடுங்கள்.

எரிபொருளில் மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கும் வேண்டாம். இரண்டுமே காலனுக்கு எட்டு மைலை ஒட்டித்தான் தரும். டீசல் ஒரு மைல் கூடக் கொடுத்தாலும் பெட்ரோல் பங்கில் அதன் விலை அதைச் சாப்பிட்டுவிடும். எஞ்சின் ஆயில் இரண்டு மூன்று மடங்கு பிடிக்கும், ஃபில்டர்கள் விலை அதிகம், ஏர் பிரேக்குக்குத் தனிப் பராமரிப்பு. யானையைக் கட்டித் தீனி போடுவதுதான்.

அப்புறம் அந்த யூரியாக் கரைசல். 2010க்குப் பிறகு வந்த டீசல் எஞ்சின்களில் புகையைச் சுத்தம் செய்ய டி.இ.எஃப். என்ற திரவத்தை ஊற்ற வேண்டும். அதன் சென்சார் ஒன்று கெட்டாலும் கம்ப்யூட்டர் எஞ்சினின் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். காற்று சுத்தமாக இருக்க வேண்டும், சரி. ஆனால் தினமும் ஓடும் லாரிக்கும், டெக்சஸ் வெயிலில் நாலு மாதம் தூங்கும் உங்கள் வண்டிக்கும் ஒரே விதியை எழுதியவர்கள், நடுவழியில் நிற்கிற ஓய்வூதியக்காரரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

டீசல்தான் வேண்டும் என்று நானே சொல்லும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. பின்னால் கார் இழுத்துப்போகும் எண்ணம் இருக்கிறதா? நம்மவர் வீடுகளில் பாதிக்குப் பாதி டொயோட்டா சியன்னா வேன் நிற்கிறது. அதை நாலு சக்கரமும் தரையில் உருள இழுக்கக் கூடாது, கியர்பாக்ஸ் போய்விடும். டிரெய்லரில் ஏற்றுவதுதான் நல்லது. கார் 4,500 பவுண்டை ஒட்டி, டிரெய்லர் இன்னொரு 2,000. இந்த மாதிரிப் பெட்ரோல் வண்டிகளின் கொக்கி பெரும்பாலும் 5,000 பவுண்டுதான் தாங்கும். பல டீசல் வண்டிகளில் 10,000. கொக்கியின் மேலேயே எழுதியிருக்கும், குனிந்து படியுங்கள். கனமான காரோடு வருடா வருடம் கொலராடோ மலையேறுவதாக இருந்தால் டீசலின் இழுவையும், இறக்கத்தில் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் அதன் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கொடுத்த காசுக்குத் தகும். கொலராடோவின் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். கார் இழுக்காமல் கோடையில் ஒரு தடவை ஏறுவதற்கு இதெல்லாம் தேவையில்லை. வலது லேனில் மெதுவாகப் போங்கள், பின்னால் ஹார்ன் அடிப்பவர் அடிக்கட்டும்.

டீலர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்: டெக்சஸில் வண்டியின் மொத்த எடை வரம்பு 26,000 பவுண்டுக்கு மேல் போனால், சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் கிளாஸ் பி என்ற கனரக வண்டி உரிமம் வேண்டும். அந்த 38 அடி டீசல் அதைத் தாண்டும் என்றே நினைக்கிறேன். ஓட்டுநர் இருக்கை அருகே உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். அந்த உரிமத்துக்கான தேர்வில் ஓட்டிக்காட்ட வண்டியோடு வரச் சொல்வார்கள். அந்த வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போக உரிமம் வேண்டும். இதை யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

விலை பேசி முடித்ததும் யாராவது ஒருவர் உங்கள் காதில் "மொன்டானா" என்பார். அந்த மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. உங்கள் பேரில் ஒரு கம்பெனி தொடங்கி வண்டியை அங்கே பதிந்தால் டெக்சஸின் 6.25 சதவீதம், அதாவது ஆறாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு, மிச்சம் என்பார். அதற்கு அவருக்கும் கூலி உண்டு. ஹூஸ்டனில் குடியிருந்து ஹூஸ்டனில் நிறுத்தினால் வரி ஹூஸ்டனில்தான். பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு, அவருக்கு இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இந்த முகவரியைத்தான்.

வண்டியைப் பரிசோதிக்க டீலர் காட்டும் ஆளை வைக்காதீர்கள், உங்கள் பணத்தில் வெளியாளை வையுங்கள். டயரை நீங்களே பார்க்கலாம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையில் கடைசி நாலு எண்: 2217 என்றால் 2017இன் 22ஆவது வாரம். போன வருடம் நான் பார்த்த ஒரு டீசல் வண்டியில் டயரின் பட்டன் எல்லாம் தேயாமல் புதுசு மாதிரி. டயருக்கு வயது பதினொன்று. வாங்கியவர் சொந்தக்காசில் ஆறையும் மாற்றினார். ஏழு வருடம் தாண்டியிருந்தால் டயர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

பெட்ரோல் வண்டியில் ஒரு தொல்லை உண்டு. எஞ்சின் உங்கள் இருவருக்கும் நடுவில், ஒரு மூடிக்கு அடியில்தான் இருக்கும். ஏற்றத்தில் கத்தும். ஹூஸ்டனில் மலை ஏது, ஒரு பெரிய மேம்பாலத்தில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏற்றிப் பாருங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு. கையெழுத்து அதற்கப்புறம் போடுங்கள்.