பல்கலைக்கழகம் பக்கத்தில் ஃபிளாட்: 46 லட்சம் தகுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 61. மன்னார்குடி வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் தஞ்சாவூருக்கு வெளியே திருமலைசமுத்திரத்தில், சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தை ஒட்டி ஃபிளாட் வாங்கிக் குடியேறலாம் என்றிருக்கிறோம். ஆறு வருடப் பழைய கட்டடம், இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, 1,120 சதுர அடி, யூடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பங்கு) 420 சதுர அடி. விலை 46 லட்சம். அந்தப் பக்கம் மனை சதுர அடி 1,800 ரூபாய்க்குப் போகிறது. அதே கட்டடத்தில் வாடகை 11,000. "பிற்காலத்தில் வாடகைக்கு விட்டாலும் ஆள் வந்துகொண்டே இருக்கும், விலை இறங்காது" என்கிறார் தரகர். கையில் 58 லட்சம் இருக்கிறது, பென்ஷனும் வருகிறது. இந்த விலை சரிதானா?

பதில்: அதிகம். எவ்வளவு அதிகம் என்று நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

ஃபிளாட்டில் உங்கள் பெயருக்கு வரும் மண் அந்த 420 சதுர அடிதான். மனை விலைப்படி அது 7.56 லட்சம். கட்டடத்தை இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 2,400 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; 1,120 அடிக்கு 26.88 லட்சம். ஆறு வருடத் தேய்மானத்துக்குப் பத்து சதவீதம் கழித்தால் சுமார் 24 லட்சம். மண்ணும் சுவரும் சேர்ந்து 32 லட்சத்துக்குள் வருகிறது. கார் நிறுத்துமிடம், லிஃப்ட், கட்டியவரின் லாபம் என்று நாலைந்து லட்சம் கூட்டினாலும் 37. மிச்சம் ஒன்பது லட்சம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு.

அந்தப் பெயருக்கு எவ்வளவு வருமானம் என்பதை வாடகை சொல்லிவிடும். மாதம் 11,000, கோடை விடுமுறையில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் வருடத்துக்கு 1.21 லட்சம். பராமரிப்புக் கட்டணம், வீட்டு வரி, வெள்ளையடிப்பு போக 85,000 மிஞ்சினால் பெரிது. பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதோடு சேர்த்தால் உங்கள் முதலீடு 50 லட்சம். இரண்டு சதவீத வருமானம்கூட இல்லை. தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். இதற்கு வெள்ளையடிக்க வேண்டியதில்லை.

குடியிருக்கத்தானே வாங்குகிறோம், வாடகைக் கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். உங்களுக்குப் பிறகு மகள் விற்கப் போகும்போது, வாங்க வருகிறவர் இதைத்தான் போட்டுப் பார்ப்பார். மாணவர்களில் பெரும்பகுதி விடுதியில் தங்கிவிடுகிறார்கள். வெளியே வீடு தேடுகிறவர்கள் நான்கு பேராகச் சேர்ந்து பிடித்து நான்கே வருடத்தில் சுவரைப் பாழாக்கிவிட்டுப் போவதும் உண்டு. பல்கலைக்கழகத்தின் காலமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசு ஏற்ற பிறகு, உபரி ஊழியர்கள் பலர் மற்ற அரசுத் துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் மாற்றப்பட்டார்கள். வளாகத்தையே நம்பி வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்களுக்கு அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டுமா?

சரி, பக்கத்து வீடுகள் உண்மையில் என்ன விலைக்குப் போயின? தாய்ப்பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது அந்தச் சொத்தில் நடந்த பதிவுகளின் பட்டியலை, காசில்லாமல் பார்க்கலாம். ஒவ்வொரு பதிவிலும் 'கைமாற்றுத் தொகை', 'சந்தை மதிப்பு' என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண்தான் உங்களுக்கு வேண்டும்; இரண்டாவது பெரும்பாலும் அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியது. ஒரு சூட்சுமம்: பில்டரிடமிருந்து முதலில் வாங்கியவர்களின் பதிவு அடிமாட்டு விலை மாதிரி தெரியும். அப்போதெல்லாம் யூடிஎஸ்ஸை மட்டும் கிரயம் செய்து, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போடுவார்கள். அதை விட்டுவிட்டு, மறுவிற்பனையான வீடுகளைப் பாருங்கள். பத்திரத்தில் குறைத்து எழுதுகிறவர்களும் உண்டு என்பதால், அந்த எண்ணுக்குக் கொஞ்சம் மேலே உண்மை விலை இருக்கும்.

1,120 என்பது மாடிப்படி, வராந்தா எல்லாம் சேர்ந்த கணக்கு. டேப் பிடித்து உள்ளே அளந்தால் 800 தேறுவதே கஷ்டம்.

என் யோசனை, 37-க்கு முடிந்தால் வாங்குங்கள். 40-க்கு மேல் போனால் எழுந்து வந்துவிடுங்கள். 46 கொடுத்தால் பதிவுச் செலவும் போய்க் கையில் எட்டு லட்சம்கூட நிற்காது. அறுபதைத் தாண்டிய இருவருக்கு ஒரு ஆபரேஷன் போதும் அதைக் கரைக்க. 37 என்றால் பதினேழரை லட்சம் மிஞ்சும், அதை அப்படியே தபால் ஆபீஸில் போடுங்கள்.

விலை படியாவிட்டால் அதே பகுதியில் ஒரு வருடம் வாடகைக்கோ ஒத்திக்கோ இருந்து பாருங்கள். ஒத்தி என்றால் பதிவு செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஆஸ்பத்திரி, ரயில், காய்கறி எல்லாவற்றுக்கும் தஞ்சாவூருக்குள் வர வேண்டிய இடம் அது. ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோ கிடைக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாங்குவது முடிவானால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் குடியிருப்போர் சங்கத்தின் வரவுசெலவு நோட்டைக் கேளுங்கள். லிஃப்ட் பராமரிப்புக்கும் போர்வெல்லுக்கும் பணம் இருப்பு இல்லையென்றால், அந்தச் செலவையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். மன்னார்குடி வீட்டையும் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். உயில் எழுதினால் போதும்.